வைரமும் மெழுகும் ஒரே பெட்டியில் எப்படி?

துவாரகாவிலிருந்து ஒரு வாசகர், டிசம்பர் 5

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு, ஏனெனில் அவற்றின் பிணைப்பு வலுவற்றது" என்று டியூஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கம் தள்ளி, வைரம் முழுவதும் சகப்பிணைப்பு, இயற்கையில் கிடைப்பவற்றில் மிகக் கடினமானது என்கிறது அதே நோட்டு. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எது? நான் வணிகவியல் படித்தவன். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

டிசம்பர் 5, இரவு

முதல் வாக்கியத்தில் "ஏனெனில்" என்பதற்குப் பின்னால் இருப்பது பொய். அதை அடித்துவிடச் சொல்லுங்கள், தம்பி. முன்பாதியும் பாதி உண்மைதான்.

இந்த வாக்கியத்தை நான் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். தில்லியில் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை. குடுவை கழுவியிருக்கிறேன், கரைசல் தயாரித்திருக்கிறேன், பாடம் நடப்பதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கி மின்சுமையால் ஈர்த்துக்கொண்டால் அயனி, பகிர்ந்துகொண்டால் சகப்பிணைப்பு, எல்லோருக்கும் பொதுவில் போட்டால் உலோகம் என்று பலகையில் மூன்று பெட்டி வரைந்துவிட்டால் ஆசிரியருக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். மாணவனுக்குத் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மெழுகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பனும் கார்பனும் கைகோத்திருக்கும் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்கு (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் வேதியியல் அளவு) ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். வைரத்திலும் அதே கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்புதான், வலிமையிலும் ஏறத்தாழ அதேதான். ஆனால் மெழுகு 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடுகிறது. அப்போது ஒரு கார்பன் பிணைப்புகூட அறுவதில்லை. கடலை உருண்டையை வெயிலில் வைத்தால் வெல்லம் இளகும், கடலை அப்படியே இருக்குமே, அதுபோல. மெழுகில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கடலை. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் மெல்லிய ஈர்ப்பு, வாண்டர்வால்ஸ் விசை என்பது, அதுதான் வெல்லம். உருகுவது அந்த வெல்லம் மட்டும்தான்.

வைரத்தில் வெல்லமே கிடையாது. ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பனைப் பிடித்திருக்கிறது, அவை ஒவ்வொன்றும் வேறு மூன்றைப் பிடித்திருக்கின்றன, இப்படியே கல்லின் விளிம்பு வரைக்கும். அதை இளக்க வேண்டுமென்றால் உண்மையான பிணைப்பையே அறுக்க வேண்டும். காற்றில் வைத்துச் சூடேற்றினால் உருகுவதற்கு முன்பே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1772இல் வெயிலைக் குவிக்கும் கண்ணாடியால் வைரத்தை எரித்துக் காட்டினார். செலவு யாருடையதோ.

ஆகவே மகளிடம் "என்ன பிணைப்பு?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "பிணைப்பு எங்கே முடிகிறது?" என்று கேளுங்கள். மெழுகில் அது மூலக்கூறின் ஓரத்தில் முடிகிறது. வைரத்தில் கல்லோடு சேர்ந்துதான் முடிகிறது.

டிசம்பர் 6

மயூர் விஹாரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருப்பது: "தண்ணீர் கொதிக்கும்போது?"

அதே கதைதான். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க மோலுக்கு சுமார் 463 கிலோஜூல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புக்கோ 20 சொச்சம் போதும். அடுப்பு அறுப்பது இரண்டாவதை. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வருமென்று விடைத்தாளில் எழுதியவர்கள் உண்டு. அப்படி வந்தால் காபி போடும் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் கூரை பறந்திருக்கும்.

ஆனால் அந்த 20ஐ அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். தனிம அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம். ஹைட்ரஜன் சல்பைடு நீரைவிடக் கனமான மூலக்கூறு, ஆனாலும் அது கொதிப்பது கழித்தல் 60 டிகிரியில். கந்தகத்தால் அந்தப் பிடியைச் சரியாகப் போட முடியவில்லை.

டிசம்பர் 8

உப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் என் ஆற்றாமை பெரும்பாலும் உப்பைப் பற்றியதுதான்.

உருகிய உப்பு மின்சாரத்தைக் கடத்தும், கட்டி உப்பு கடத்தாது என்று பாடம். செய்து காட்டு என்பார்கள். உப்பு உருகுவது 801 டிகிரியில். பள்ளி ஆய்வகத்து அடுப்பில் அந்த வெப்பத்தை எட்டுவதற்குள் மணி அடித்துவிடும். அவசரப்பட்டு நேரே சுடரில் பிடித்தால் உப்புக்கு முன் சோதனைக்குழாய் நெகிழத் தொடங்கும். பெரும்பாலான பள்ளிகளில் உப்பைத் தண்ணீரில் கரைத்து, பல்பு எரிவதைக் காட்டிவிட்டு, "உருக்கினாலும் இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். அது அரைகுறைச் சாட்சி. கரைத்தால் தண்ணீர் நடுவில் புகுந்து அயனிகளைப் பிரித்துவிடுகிறது, உருக்கும்போது பிரிக்க யாருமில்லை. இரண்டும் ஒன்றென்று பையன் நம்பிவிடுகிறான்.

உப்பில் பிணைப்பு எங்கே முடிகிறது? எங்கும் முடிவதில்லை. ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின், ஒரு குளோரினைச் சுற்றி ஆறு சோடியம். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. 1913இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து இதைக் கணக்கிட்டுச் சொன்னபோது வேதியியலாளர்கள் சிலருக்கு அடிவயிற்றில் கலக்கம். ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெரியவர் 1927இல்கூட நேச்சர் இதழுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார்: உப்பில் மூலக்கூறே இல்லையாம், சதுரங்கப் பலகை போல அடுக்கியிருக்கிறதாம், இது அறிவுக்கு ஒவ்வாதது என்ற தொனியில். பதினான்கு ஆண்டு கழித்தும் கோபம் ஆறவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். இன்றைக்குப் பையன்கள் சோடியம் ஒரு வட்டம், குளோரின் ஒரு வட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி போட்டு, ஜோடி ஜோடியாக உப்பை வரைகிறார்களே, அவர்கள் எல்லோரும் தெரியாமலே ஆர்ம்ஸ்ட்ராங் கட்சிதான்.

டிசம்பர் 8, பின்னிரவு

ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஓர் ஆறுதல். உப்பை உருக்கி, மேலும் காய்ச்சி ஆவியாக்கினால், அந்த ஆவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் ஜோடியாகவே திரிகின்றன. மூலக்கூறு என்றே சொல்லலாம். அந்த ஜோடிக்குள் இடைவெளி 2.36 ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அயனிகளுக்கு இடையில் 2.82. ஆறு பேரைப் பிடிக்க வேண்டியிருந்தால் யாரையும் இறுக்கிப் பிடிக்க முடியாது.

டிசம்பர் 10

நொய்டா தம்பி ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார்: "இவ்வளவு கதை எதற்கு? எலக்ட்ரான் கவர்தன்மை வேறுபாடு 1.7க்கு மேலிருந்தால் அயனி, கீழிருந்தால் சகப்பிணைப்பு. முடிந்தது."

முடியவில்லை, தம்பி. எலக்ட்ரான் கவர்தன்மை என்பது பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் வலுவுக்குத் தரும் எண். அமெரிக்க வேதியியலாளர் பாலிங் 1932இல் அந்த எண்களைத் தந்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நாட்டைப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒரு பிணைப்பில் அயனித் தன்மை எத்தனை பங்கு என்று மதிப்பிடத்தான் கொடுத்தார். உங்கள் 1.7ஐ வைத்தே பார்ப்போம்.

ஹைட்ரஜன் 2.20, ஃபுளூரின் 3.98. வேறுபாடு 1.78. உங்கள் கணக்கில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு அயனிச் சேர்மம், உப்பு மாதிரிக் கட்டியாக இருக்க வேண்டும். அது கொதிப்பது 19.5 டிகிரியில். தில்லி ஜனவரியில் திரவம், மே மாதத்தில் வாயு.

சோடியம் 0.93, ஹைட்ரஜன் 2.20. வேறுபாடு 1.27 மட்டுமே. சோடியம் ஹைட்ரைடு அச்சு அசலாக உப்பின் அமைப்பில் அடுக்கப்பட்ட அயனிப் படிகம். உங்கள் கணக்கில் அது சகப்பிணைப்பு.

மூன்றாவது எனக்குத் தனிப்பட்ட பகையாளி, நீரற்ற அலுமினியம் குளோரைடு. வேறுபாடு 1.55. ஜூலை மாத ஈரக்காற்றில் அந்தப் பாட்டிலைத் திறந்தால் போதும், வெள்ளைப் புகை எழும்பி மூக்கைப் பிடுங்கும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடைக் கக்குகிறது. பழைய பாட்டிலின் மூடியைத் திருகும்போது உள்ளே தேங்கிய வாயு "டப்" என்று வெடித்துத் தூளை முகத்தில் அடிக்கும். திறப்பதற்கு முன் துணியால் போர்த்திக்கொள்வது என் வழக்கம். சமையல் உப்பு பாட்டில் ஏதாவது இப்படிச் செய்திருக்கிறதா?

அலுமினியம் குளோரைடு 180 டிகிரி வாக்கில் திரவமாகாமலே ஆவியாகிவிடும். குளோரினுக்குப் பதில் ஃபுளூரினைப் போட்டுப் பாருங்கள், 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுபோனாலும் கட்டியாகவே கிடக்கும். வேடிக்கை இன்னொன்று. அலுமினியம் குளோரைடு கட்டியாக இருக்கும்போது ஒரு அலுமினியத்தைச் சுற்றி ஆறு குளோரின், பிணைப்பு அடுக்கு முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அழுத்தத்தில் வைத்து உருக்கினால் இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் சேர்ந்து தனித்தனி மூலக்கூறுகளாகக் கத்தரித்துக்கொள்கின்றன. பாடநூல் விதிப்படி உருகினால் மின்சாரம் கடத்த வேண்டும். இது உருகினால் கடத்தாது. எங்கே முடிகிறது என்பதே உருகும்போது மாறிவிடுகிறது.

1940களில் வான் ஆர்கெல், கெட்டெலார் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் மூன்று பெட்டிக்குப் பதில் ஒரு முக்கோணம் வரைந்தார்கள். மூலைக்கு ஒன்று: அயனி, சகப்பிணைப்பு, உலோகம். பெரும்பாலான பொருள்கள் மூலையில் இல்லை, பக்கங்களிலோ நடுவிலோ கிடக்கின்றன. பள்ளியில் பெட்டிக்குப் பதில் அந்த முக்கோணத்தைத் தொங்கவிட்டால் என்ன கெட்டுவிடும்? விடைத்தாள் திருத்துவது கடினமாகும், அவ்வளவுதான்.

டிசம்பர் 11

மயூர் விஹார் அம்மா மீண்டும்: "பிளாஸ்டிக் மக்கு உருகுகிறது, குக்கர் கைப்பிடி உருகாமல் கருகுகிறது. இரண்டும் பிளாஸ்டிக்தானே?"

இந்த உரையாடல் இழையிலேயே நல்ல கேள்வி இதுதான், என் பதில்களையும் சேர்த்துச் சொல்கிறேன். மக்கு பாலித்தீன் வகையறா. நீண்ட நீண்ட சங்கிலிகள், ஆனால் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் முடிகிறது. சூடேறினால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கைப்பிடி பேக்கலைட் வகை, லியோ பேக்லேண்ட் 1907இல் கண்டுபிடித்தது. அச்சில் வைத்துச் சூடேற்றும்போது சங்கிலிக்குச் சங்கிலி குறுக்குப் பிணைப்பு விழுந்து, முழுக் கைப்பிடியும் ஒரே வலையாகிவிடுகிறது. அதற்கு இனி உருகுநிலை என்று ஒன்று இல்லை. பிணைப்பு அறுந்தால் கரிதான். வண்டி டயரும் இதே ரகம், கந்தகம் கொண்டு குறுக்கே தைத்தது. அதனால்தான் பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியவில்லை, எரித்துத் தொலைக்கிறார்கள். அந்தப் புகையை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம்.

டிசம்பர் 14

துவாரகா தம்பி மடக்கியிருக்கிறார்: "பாதரசத்தில் பிணைப்பு எங்கே முடிகிறது ஐயா?"

எங்கும் முடியவில்லை. ஆனால் பாதரசம் திரவம், கழித்தல் 39 டிகிரி வரைக்கும். டங்ஸ்டனிலும் எங்கும் முடியவில்லை, அது 3,422 டிகிரி வரை அசையாது. காலியம் 29.8 டிகிரியில் உள்ளங்கையிலேயே உருகும். மூன்றும் ஒரே பெட்டி. ஆகவே என் கேள்விக்கு ஒரு துணைக்கேள்வி சேர்க்க வேண்டியிருக்கிறது: முடியவில்லையென்றால், எவ்வளவு வலு? டங்ஸ்டன் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைத் தாராளமாகப் பொதுவில் போடுகிறது. பாதரசம் தன்னுடைய இரண்டையும் இறுக்கி வைத்துக்கொள்கிறது. அதன் கனமான கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஓடும் வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்து நிற்கிறது, அதனால் அந்த இரண்டும் உள்ளே இழுபடுகின்றன. கணக்கு எனக்கு மேல். முடிவு மட்டும் பழைய வெப்பமானியின் குமிழில் தெரிந்தது.

டிசம்பர் 15

உலோகம் என்று பேச்சு வந்தபின் மெஹ்ரௌலி இரும்புத் தூணைச் சொல்லாமல் போனால் தில்லிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் குதுப் மினாருக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. எல்லோரும் மினாரைப் பார்த்துக் கழுத்து வலித்தபின் தூணுக்கு வருவார்கள், "துருப்பிடிக்காதாமே" என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். 1997இல் வேலி போட்டுவிட்டார்கள், கட்டிப்பிடிக்கவும் முடியாது.

தூண் 7 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை ஆறு டன்னைத் தாண்டும், வயது 1,600 ஆண்டு. அந்தக் காலத்தில் அவ்வளவு இரும்பை உருக்கி வார்க்க முடியாது. சிறுசிறு இரும்புக் கட்டிகளைச் செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். பசை இல்லை, ஆணி இல்லை. இரும்பும் இரும்பும் இடையில் அழுக்கின்றி நெருங்கினால் போதும், பிணைப்பு தானே உண்டாகும். இந்தப் பக்கத்து அணுவுக்கும் அந்தப் பக்கத்து அணுவுக்கும் பொதுவான எலக்ட்ரான்கள், எது யாருடையது என்ற பட்டா கிடையாது. விண்வெளியில் காற்றில்லாத இடத்தில் இரண்டு சுத்தமான உலோகப் பரப்புகள் சூடே இல்லாமல் ஒட்டிக்கொள்வது பொறியாளர்களுக்குத் தலைவலி.

இதே சம்மட்டியால் கல்லுப்பை அடித்துப் பாருங்கள். தூள்தான். அடுக்கு ஓர் அணு தூரம் நகர்ந்தால் நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளும், பிளந்துவிடும். இரும்பில் அடுக்கு நகர்ந்தாலும் யாருக்கும் எதிரி வருவதில்லை.

துருப்பிடிக்காத ரகசியம் வேறு. துருவே இல்லாமலில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னபடி, உலோகத்துக்கும் துருவுக்கும் இடையில் இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் மெல்லிய படலமாகப் படிந்து, மேற்கொண்டு ஈரமும் காற்றும் போகாமல் தடுக்கிறது. தூணின் உடம்பு உலோகப் பிணைப்பு. அதைக் காப்பாற்றும் தோல் அயனியும் சகப்பிணைப்பும் கலந்தது. மூன்று பெட்டியும் ஒரு கம்பத்தில்.

டிசம்பர் 16

"பென்சில் பற்றி எழுதவில்லையே" என்று ஒரு புதியவர். எழுதுகிறேன், அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. கரோல் பாக்கிலிருந்து பூசா பக்கம் போகிறவர்கள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைக் கடந்திருப்பார்கள். அந்தச் சாலையின் பெயர்ப் பலகையில் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்க் என்று இருக்கிறது. அவர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். இராமனோடு சேர்ந்து 1928இல் ஒளிச்சிதறலைக் கண்டவர், பின்னர் அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர். கரோல் பாக்கில் இட்லி சாப்பிட வரும் தமிழர்கள் பலருக்கு அந்தப் பெயர் ஆட்டோக்காரரிடம் சொல்லும் முகவரி மட்டும்தான்.

கல்கத்தாவில் இருந்தபோது அவர் பென்சிலுக்குள் இருக்கும் கார்பன் வகையான கிராஃபைட்டின் படிகங்களைத் துருவித் துருவிப் பார்த்தவர். 1939இல் கங்குலியோடு சேர்ந்து வெளியிட்டது: கிராஃபைட்டில் அடுக்கின் வழியே மின்சாரம் ஓடுவது, அடுக்குக்குக் குறுக்கே ஓடுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிது. ஒரே கட்டி, திசையைப் பொறுத்து வேறு பொருள். பிணைப்பு எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இங்கே இரண்டு பதில்: கிடையாகப் பார்த்தால் முடியவில்லை, நெடுக்காகப் பார்த்தால் ஒவ்வோர் அடுக்கிலும் முடிகிறது. அடுக்குக்குள் கார்பன்–கார்பன் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம், வைரத்தின் 1.54ஐவிட நெருக்கம். தனிப் பிணைப்பாக எடுத்தால் பென்சில் வைரத்தைவிட உறுதி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே 3.35. அந்த இடைவெளியில்தான் நாம் எழுதுகிறோம்.

டிசம்பர் 17

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அதனால்தான் அடுக்குகள் வழுக்கி மசகாகிறது" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பாடநூல் அப்படித்தான் சொல்லும். அது போதாது. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது, மின்னாக்கிகளில் சுழலும் பாகத்தை உரசியபடி மின்சாரம் கடத்தும் கிராஃபைட் கட்டைகளான கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்தில் பொடியாகிவிட்டன. கீழே மாதக்கணக்கில் உழைத்தவை அவை. மேலே காற்றில் ஈரம் இல்லை. அடுக்குகளின் ஓரங்களில் முடியாமல் தொங்கும் பிணைப்புகளை நீராவி வந்து மூடினால்தான் கிராஃபைட் வழுக்கும். மூடாவிட்டால் ஓரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தேய்க்கும். விண்கலங்களில் கிராஃபைட்டுக்குப் பதில் மாலிப்டினம் டைசல்பைடு போடுவது இதனால்தான்.

டிசம்பர் 28

பத்து நாளாகப் பனிமூட்டத்தில் யாருக்கும் எழுத மனமில்லை போலும். எனக்கு இருமல். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் காணோம். இந்த மூட்டத்துக்கும் நம் இழைக்கும் தொடர்பு உண்டு.

தில்லியின் குளிர்காலக் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், வியப்பூட்டும் அளவுக்கு இருக்கிறது என்று சென்னை ஐ.ஐ.டி. தலைமையிலான குழு 2021இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வெளியிட்டது. குப்பையோடு பிளாஸ்டிக் எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு காற்றில் சேர்கிறது. அம்மோனியா வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிறது. இரண்டும் தனித்தனியே சகப்பிணைப்பு மூலக்கூறுகள், கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள். இரவில் குளிரும் ஈரமும் கூடும்போது இரண்டும் சந்திக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானைக் குளோரினிடமே விட்டுவிட்டு அம்மோனியாவின் நைட்ரஜனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பக்கம் அம்மோனியம் அயனி, அந்தப் பக்கம் குளோரைடு அயனி. இரண்டு வாயு சேர்ந்து உப்பு. அது ஈரத்தை இழுத்துப் பருக்கிறது, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, எதிர்க் கட்டடம் மறைகிறது. வெயில் ஏறினால் கணிசமான பங்கு மீண்டும் இரண்டு வாயுவாகக் கலைந்துவிடும்.

இதை எந்தப் பெட்டியில் போடுவது? அம்மோனியத்துக்குள் சகப்பிணைப்பு. புதிதாக வந்த நான்காவது ஹைட்ரஜனைப் பிடித்தது நைட்ரஜன் மட்டும் கொடுத்த ஜோடியால், அது ஈதல் சகப்பிணைப்பு. ஒட்டியபின் நான்கில் எது புதிது என்று நைட்ரஜனாலேயே சொல்ல முடியாது. வெளியே அயனிப் பிணைப்பு. ஒரு துகளில் இத்தனை.

டிசம்பர் 28, சற்று நேரம் கழித்து

நவச்சாரம் என்றதும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நினைவுக்கு வந்தார். இங்கே கலாய்வாலா என்பார்கள். பழைய தில்லிச் சந்துகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பாத்திரத்தை அடுப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவியதும் குபுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும், பிறகு வெள்ளீயத்தை இழுத்துப் பஞ்சால் தேய்ப்பார், பாத்திரம் உள்ளே பளபளவென்றாகும். அங்கே நடப்பது பனிமூட்டத்தின் மறுபக்கம். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் குளோரைடு பித்தளை மேலுள்ள ஆக்சைடு அழுக்கைத் தின்றுவிடுகிறது. அழுக்கு போன உலோகத்தை உருகிய வெள்ளீயம் நேரடியாகத் தொடுகிறது, செம்பும் வெள்ளீயமும் எல்லையில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து உலோகப் பிணைப்பு விழுகிறது. புகை மேலே போய் ஆறினால் மறுபடி நவச்சாரம்.

சம்மட்டி அடித்தவர்களும் இவரும் செய்வது ஒரே காரியம்தான், நடுவில் இருப்பதை விலக்குவது. மற்றதை அணுக்களே பார்த்துக்கொள்கின்றன.

ஜனவரி 3

நொய்டா தம்பி திரும்ப வந்திருக்கிறார், கொஞ்சம் தணிந்து: "சரி ஐயா, சூத்திரத்தைப் பார்த்தே எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாமா?"

முடியாது. கார்பன் டை ஆக்சைடும் சிலிக்கன் டை ஆக்சைடும் சூத்திரத்தில் இரட்டைப் பிள்ளைகள், கார்பனும் சிலிக்கனும் ஒரே குடும்பம். முதலாவது வாயு, உறைந்தாலும் கழித்தல் 78 டிகிரியில் ஆவியாகிவிடும். இரண்டாவது மணல், 1,700 டிகிரியில் உருகும். கார்பன் சிறியது, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு போட்டு அங்கேயே கணக்கை முடித்துக்கொள்கிறது. சிலிக்கன் பெரியது, இரட்டைப் பிணைப்பு அதற்கு இலாபமில்லை, நான்கு ஆக்சிஜனுக்கு ஒற்றைக் கை கொடுத்து வலை பின்னுகிறது.

இதுவும் இறுதித் தீர்ப்பு இல்லை. 1999இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடைச் சுமார் 40 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது வளிமண்டலத்தைப் போல நான்கு லட்சம் மடங்கு நசுக்கி, லேசரால் சூடேற்றினார்கள். அது மணலைப் போல வலையாகப் பின்னிக்கொண்டது. அழுத்தத்தை எடுத்தால் கலைந்துவிடும்.

ஜனவரி 4

துவாரகா தம்பிக்கு: தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "எளிய மூலக்கூறுகளாலான சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு, ஏனெனில் மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்புவிசை வலுக்குறைந்தது" என்று எழுதட்டும். முழு மதிப்பெண் கிடைக்கும், பொய்யும் இல்லை. டியூஷன்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், பிப்ரவரியில் தேர்வு.

ஜனவரி 6

கண்ணாடி எந்த வகை என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. மணல் வலைதான், ஒழுங்கில்லாமல் உறைந்த வலை. தூய மணலை இளக்க 1,700 டிகிரி வேண்டுமென்றால் பிரோசாபாத்தில் வளையல் செய்ய முடியுமா? அதனால் சோடாவைச் சேர்க்கிறார்கள். சோடாவிலிருந்து வரும் சோடியம் ஆக்சைடின் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பாலங்களை அங்கங்கே வெட்டிவிடுகிறது. வெட்டிய முனையில் எதிர்மின்சுமை, பக்கத்தில் சோடியம் அயனி. முடிவில்லாத வலைக்கு வேண்டுமென்றே முடிவுகளை உண்டாக்குவதுதான் கண்ணாடித் தொழில். 700 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். சோடா மட்டும் போட்டால் தண்ணீரில் கரைந்துவிடும், ஆகவே சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும்.

சிமென்ட் பற்றிக் கேட்டவர் தனி இழை தொடங்கவும். அது இந்த முக்கோணத்துக்குள் அடங்காது, என் இருமலும் இன்னும் நிற்கவில்லை.